சம்பந்தி கொடுத்த கார்

எங்கள் கோச்கோர் ஊரில் ஒரு கார் பக்கவாட்டில் இழுத்தால் என் மாமனார் ஷெய்ஷெனின் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார்கள். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் வராததுமாகக் காரை ஜாக்கியில் ஏற்றுவார்கள். அவர் முதலில் ஓட்டிப் பார்ப்பார். சாலையின் வலது ஓரத்தில் ஒருமுறை, எதிரே வண்டி வராதபோது இடது ஓரத்தில் ஒருமுறை. சாலையின் சரிவு இழுக்கிறதா, காரே இழுக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு டயர்களில் காற்றுப் பார்ப்பார். பிறகு முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுவார்.

மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. எழுதலாமா என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் வீட்டில் எனக்கு முன்பு இவ்வளவு படித்து எழுதியவர்களும் இல்லை.

என் கல்யாணச் சீராக அப்பா ஜுமாகதிர் ஒரு பழைய ஜெர்மன் காரைக் கொடுத்தார். அப்பா கணவாய்க்கு அப்பால் நாரின் ஊர்ப் பக்கத்தில் குதிரை வளர்ப்பவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் நிறம் மட்டும்தான். கார் வாசலுக்கு வந்த அன்றே மாமனார் அதைப் பட்டறைக்குள் விட்டு, எண்ணெயெல்லாம் மாற்றி, பிரேக்குக்கு எண்ணெய் போகும் ரப்பர் குழாய்களையும் புதிதாக மாட்டினார். சம்பந்தி கொடுத்த பொருளுக்கு அவர் செய்த மரியாதை அது.

சில வாரங்களில் கார் வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, ஒரு நாள் இழுக்கும், மறுநாள் நேராகப் போகும். அவர் தன் சோதனைகளையெல்லாம் வரிசையாகச் செய்தார். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், எல்லாம் இலகுவாகச் சுற்றின. கடைசியில் வலது மட்கார்டின் உள்பக்கம் பட்டி பூசிய தடத்தைக் கண்டார். அடிபட்ட வண்டி, சேஸிஸே கோணியிருக்கிறது, சம்பந்தி தெரிந்தே மறைத்துவிட்டார் என்று முடிவுகட்டினார்.

பெண் வீட்டார் விருந்துக்கு வந்த அன்று, மதிப்புக்குரிய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத் தலையை அப்பாவின் முன்னால் வைத்த பிறகு, எல்லார் காதிலும் விழும்படி அவர் கேட்டார்.

"சம்பந்தி, அடிபட்ட வண்டின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

அப்பா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஆட்டுத் தலையைத் தொடவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமனாரின் தம்பி, "குதிரை விக்கிறவர்கிட்ட பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தானே வாங்கணும்" என்று சொல்ல, சிலர் சிரித்தார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து ஊற்றினேன்.

அதற்குப் பிறகு மாமனார் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தார். சீரைத் திருப்பிக் கொடுத்த வீட்டில் அந்த மருமகள் என்னவாக இருப்பாள்? மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்த என் கணவர் எர்கெஷிடம் போனில் கேட்டேன். "அப்பா சொல்றபடி செய்" என்றார். நானும் தாய்வீட்டுக்கு முதல் தடவை போக வேண்டிய சமயம் அது. காரோடு என்னையும் விட்டுவிட்டு, மாமனார் வாடகை வேனில் திரும்புவதாக ஏற்பாடு. எத்தனை நாளைக்கு விடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மாமியார் வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை.

தோலோன் கணவாயில் பனி. அடிபட்ட வண்டி என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று யோசித்தபடியே வந்தேன். உச்சி தாண்டி இறங்கும்போது, பிரேக்கை அழுத்த அழுத்த ஸ்டீயரிங் வலப்பக்கம் பிடுங்கியது. தீய்ந்த நாற்றம் வந்தது. அவர் ஓரம் கட்டி இறங்கினார்.

மூன்று சக்கரங்களில் பனியும் சேறும் அப்பி இறுகியிருந்தன. வலது முன் சக்கரம் மட்டும் துடைத்ததுபோல ஈரமாக நின்றது. அதிலிருந்து ஆவி எழுந்தது.

அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். கையுறையைக் கழற்றிச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் சுற்றவில்லை. பிரேக் எண்ணெய்த் திருகைச் சற்றே திறந்ததும் எண்ணெய் பீறிட்டது, சக்கரம் சுற்றியது. பிறகு பனியில் மண்டியிட்டு உள்ளே தலையை விட்டவர் அப்படியே இருந்தார். அவர் மாட்டிய ரப்பர் குழாய் முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே போன எண்ணெய் திரும்ப வழியில்லாமல் பிரேக்கை இறுக்கியபடியே வைத்திருந்தது. நின்ற வண்டியில் அந்த அழுத்தம் மெல்ல இறங்கிவிடும். அதனால்தான் பட்டறையில் பிடிபடவில்லை.

மாமனார் தலைகுனிந்திருப்பதை மருமகள் பார்க்கக் கூடாது. மலையைப் பார்த்தபடி நின்றேன். ஆனால் குழாயின் முறுக்கை எடுத்து மாட்டியபின் அதில் புகுந்த காற்றை வெளியேற்ற, உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"மிதிம்மா" என்றார் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து. "விடாதே. இப்ப விடு."

அவ்வளவு நாளில் என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. கோபமும் வந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவருக்குத் தன் கையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையே.

அவர் அங்கிருந்தே கோச்கோருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் நாரின் பக்கமே ஓட்டினார்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். காரைக் கண்டதும், "சாவியை வச்சுட்டுப் போங்க" என்றார். சலாம்கூடச் சொல்லவில்லை.

"குழாயை மாட்டினது நான்தான் சம்பந்தி. முறுக்கி மாட்டிட்டேன். மத்ததெல்லாம் பார்த்தேன், என் வேலையை மட்டும் பார்க்கல."

"மட்கார்டுல இருந்த பட்டி?"

"அது துருவை மறைக்கப் பூசினது. நான்தான் அடிபட்டதுன்னு நினைச்சிக்கிட்டேன்."

பக்கத்து வீட்டார் வேலிக்கு அப்பால் வந்து நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. "எனக்கு மட்டும் சொன்னாப் போதாது. அன்னைக்கு உங்க வீட்ல சிரிச்சவங்களுக்கும் சொல்லணும்" என்றார்.

மாமனார் சரி என்று சொல்லி, என்னை அங்கே விட்டுவிட்டுக் காரிலேயே திரும்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஆட்களைக் கூப்பிட்டு ஆடு அறுத்தார். அப்பா வந்தார், என்னையும் கூட்டிக்கொண்டு. மாமனார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் தம்பி, "இனிமே இங்க யார் வண்டி கொண்டுவருவான்?" என்று முணுமுணுத்தார். மாமனாரின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

அப்பா அப்போதும் சாப்பிட உட்காரவில்லை. "ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஊருக்கு வெளியே, நேரான சாலையில், மாமனார் இரு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் நேராகப் போனது. அப்பா சாலையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஸ்டீயரிங் பக்கம் போகவேயில்லை.

"போதும் சம்பந்தி, பிடிச்சு ஓட்டுங்க" என்றார் அப்பா. "வீட்டுக்குத் திருப்புங்க. சாப்பாடு ஆறிடும்."