ஐந்து கோடுகளும் ஓர் ஆரஞ்சுப் பழுப்பும்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு காட்டூரில். அப்போதெல்லாம் சர்க்கரை நோய்க்கான சோதனையைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நீல மருந்தில் சில சொட்டு சிறுநீரை விட்டுச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவைப் பொறுத்து அது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். ஒரு நாளைக்கு நாற்பது குழாய் பார்ப்பேன். ஒருவருக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்பதை டாக்டர் என் கண்ணை நம்பித்தான் முடிவு செய்வார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த விஷயமே என் கண்ணைப் பற்றியது என்பதால் சொல்கிறேன்.

எனக்குத் தபால்தலை சேர்க்கும் பழக்கம் உண்டு. அதிலும் ஒரே ஒரு தபால்தலை. அமெரிக்காவில் 1850களில் வந்த மூன்று சென்ட் தலை. அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியின் பக்கவாட்டு முகம் இருக்கும். ஓரத்தில் ஓட்டை கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்டுவார்கள். கோடிக்கணக்கில் அச்சடித்ததால் சாதாரணமாகக் கிடைக்கக்கூடியது. ஆனால் முதல் சில மாதங்கள் ஆரஞ்சு கலந்த பழுப்பில் அச்சடித்துவிட்டு, பிறகு மங்கிய சிவப்பு, ரோஜா, திராட்சை நிறம் என்று மையை மாற்றிக்கொண்டே போனார்கள். அச்சுத் தகட்டில் ஓரக்கோடுகள் சரியாக விழாததால், ஒவ்வொரு தலைக்கும் ஒருவர் கையாலேயே கோடுகளை மறுபடி கீறியிருக்கிறார். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு பெரிய உலகம்.

அமெரிக்காவில் ஒரு சிற்றூர் நூலகத்தில் வேலை பார்த்த அம்மாள் ஒருவர் எனக்குப் பேனா நண்பர். நான் இந்தியத் தபால்தலைகள் அனுப்புவேன். அவர் பழைய கடிதங்களிலிருந்து வெட்டிய மூன்று சென்ட் தலைகளைப் பொட்டலமாக அனுப்புவார். ஆறு வருடத்தில் வந்த நூற்றுக்கணக்கான தலைகளிலிருந்து நாற்பத்தெட்டைப் பொறுக்கி, நிறவாரியாக அடுக்கினேன். மதிய இடைவேளையில் ஆய்வக மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒவ்வொன்றின் கோடுகளையும் ஒரு நோட்டில் வரைந்தேன். அவற்றில் ஒன்று ஆரஞ்சுப் பழுப்பு. இடது மேல் மூலையில் இருக்கும் குட்டி முக்கோணத்துக்குள் ஐந்து கோடுகள். மற்றவற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும், ஐந்து என்பது மிக அரிது. அதைக் கண்டுபிடித்த அன்று சாப்பிடவே மறந்துபோனேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய தபால்தலைச் சங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவார்கள். பன்னிரண்டு பதிமூன்று பேரில் பெண் நான் ஒருத்திதான். ஒரு வருடம் கண்காட்சி வைத்தார்கள். என் நாற்பத்தெட்டையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்தேன். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவர் உள்ளே வந்தாலே எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

என் பலகைக்கு முன்னால் வந்து நின்று, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்: "ஏம்மா, ஒரே ஸ்டாம்பை நாற்பத்தெட்டு தடவை ஒட்டி வெச்சிருக்கீங்களே? பூ, பறவைன்னு ஏதாவது சேர்த்திருக்கலாம். பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அது நல்லா இருக்கும்."

சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் தனியாகத் திரும்பி வந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். நாற்பத்தேழைத் தாண்டிப் போய், அந்த ஆரஞ்சுப் பழுப்பின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார். "இதை ஒரு வாரம் குடுங்க. கேட்டலாக்ல சரிபார்த்து ஒரு சர்டிபிகேட் எழுதித் தரேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கவரில் போட்டு நானே இரண்டு கையாலும் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துச் சங்கச் செயலாளர் மூலம் கவர் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'ஆரஞ்சுப் பழுப்பு அல்ல. சாதாரண மங்கிய சிவப்பு.' எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆறு வருடமாக நான்தான் தப்பாகப் பார்த்தேனா? அப்படியென்றால் தினமும் குழாய்களைப் பார்த்து எழுதுகிறேனே, அதுவும் தப்பா? இரண்டு நாள் அந்தக் கவரைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் ஆய்வக ஜன்னலருகே வைத்துப் பார்த்தேன். மங்கிய சிவப்புதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முக்கோணத்துக்குள் இரண்டே கோடுகள்.

நிறம் வெளுக்கலாம், கறுக்கலாம். எஃகுத் தகட்டில் கீறி அச்சடித்த கோடு எங்கே போகும்? ஓரத்தில் விழுந்திருந்த தபால் முத்திரையின் வளைவுகூடக் கிட்டத்தட்ட என்னுடையதைப் போலவே இருந்தது. தேடிப் பொறுக்கி எடுத்து மாற்றியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு பலகையையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறிப் போனேன். நடுவரும் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னேன், "சார், நான் குடுத்தது இது இல்ல."

அவர் கோபப்படவில்லை. "கலர்ங்கிறது பார்க்கிற கண்ணைப் பொறுத்ததும்மா. நீங்க ஆசையாப் பார்த்தீங்க, ஆரஞ்சாத் தெரிஞ்சிருக்கு."

"கோடு, சார்? அஞ்சு இருந்தது, இப்ப ரெண்டுதான் இருக்கு."

"லென்ஸைப் பிடிக்கத் தெரியலன்னா ரெண்டு அஞ்சாத் தெரியும்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. நாற்பத்தேழு தலைகளையும் பலகையிலிருந்து எடுத்து, கவரில் வந்ததையும் சேர்த்து மேசையில் கலைத்துப் போட்டேன். "யாராவது ஒண்ணை எடுத்துக் குடுங்க. என் பலகையில அது எத்தனையாவது இடம்னு சொல்றேன். நோட்டுல இருக்கிற படத்தோட நீங்களே சரிபாருங்க" என்றேன். முதலில் யாரும் கை நீட்டவில்லை. தொட்டியத்திலிருந்து வரும் வாழைத்தார் வியாபாரி ஒருவர் மட்டும் எழுந்து வந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சொன்னேன். நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது, மூன்றாவது என்று பத்து கொடுத்தார். பத்தும் சரி. பதினொன்றாவதாக அவர் நீட்டியது அந்த இரண்டு கோட்டுத் தலை. "இதுக்கு என் நோட்டுல இடமே இல்ல. இது என்னுது இல்ல" என்றேன்.

யாராவது ஒருவர் நடுவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்தேன். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காபி ஆறுது, எல்லாரும் எடுத்துக்குங்க" என்றார். எல்லாரும் எழுந்து போய் எடுத்துக்கொண்டார்கள். நடுவரும் எடுத்துக்கொண்டார். "வீட்டுல எதோடயாவது கலந்திருக்கும், பார்க்கிறேன்" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது வாழைத்தார் வியாபாரி வேகமாக வந்தார். "எனக்கும் போன வருஷம் இதேதாம்மா நடந்துச்சு. சரிபார்க்கிறேன்னு வாங்கிட்டுப் போனார், வந்தது வேற. பெரிய மனுஷரைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு அந்த நிமிடத்தில் நடுவரைவிட இவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. "இதை உள்ள வெச்சுச் சொல்லியிருக்கலாம்ல? நான் ஒருத்தியா நின்னு கத்திக்கிட்டிருந்தேனே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும்" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பத்து நாளில் மருத்துவமனை முகவரிக்கு ஒரு தபால் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. உள்ளே என் ஆரஞ்சுப் பழுப்பு. ஐந்து கோடும் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பசையில் ஓர் ஆல்பத் தாளின் கட்டம் போட்ட துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்த வேகத்தில் ஒரு மூலை மெலிந்து கிழிந்திருந்தது. ஆக, கலக்கவில்லை. தன் ஆல்பத்தில் தனக்கென்று அழகாக ஒட்டி வைத்திருந்திருக்கிறார்.

அந்த வாரமே செயலாளர் காட்டூருக்கு எங்கள் வீடு தேடி வந்தார். "பொருள் வந்துடுச்சில்லம்மா? மனஸ்தாபம் தீர்ந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவர் மனசு ரொம்ப நொந்துபோயிருக்கார்." திருடியவருக்கு மனசு நொந்ததாம்! என் அம்மாவும், "எழுதிக் குடுத்துடேன், எதுக்கு வம்பு?" என்றார். "எழுதறேன், ஆனா நடந்தது முழுசையும் எழுதுவேன்" என்றேன். செயலாளர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு பக்கம் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். செயலாளர் படிக்க மறுத்தார். நானே எழுந்து படித்தேன். அன்றைக்கு நடுவர் வரவில்லை. படித்து முடித்து உட்கார்ந்தபோது, தொட்டியத்துக்காரர் எழுந்தார். தனக்கு நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "எனக்கும்" என்றார்.

அன்றைய குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'தபால்தலைகளின் நிறம் பற்றிய கருத்து வேறுபாடு விவாதிக்கப்பட்டது.' அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவரை நடுவராகக் கூப்பிடவில்லை. ஆனால் உடல்நிலை காரணமாக ஓய்வு பெறுகிறார் என்று சொல்லி, சால்வை போட்டு அனுப்பினார்கள். என்னிடம் இன்றுவரை யாரும் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். அவர் எல்லாரிடமும் எடுக்கவில்லை. இவர்களுக்குப் பார்க்கத் தெரியாது, தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள் என்று யாரை நினைத்தாரோ அவர்களிடம் மட்டுமே எடுத்தார். மற்றவர்களின் மரியாதையும் காபியும் அதற்குத் துணை போயின. அதற்குப் பிறகு வேலையிலும் வீட்டிலும் எத்தனையோ பெரியவர்களோடு பேச வேண்டி வந்திருக்கிறது. ஒருவருடைய கௌரவம் கெடுமே என்பதற்காக, கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.