இரு கரைக்கும் ஒரே சங்கு

1930களின் கடைசி வருஷங்களில் கோயம்புத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்குச் சோளக்காடும் கொஞ்சம் வாழையும் இருந்தன. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு ஓடை. பள்ளம் என்போம். மழை ஓய்ந்ததும் யானைகள் அதன் வழியாகத்தான் இறங்கும். நாங்கள் வெடி போட்டால் அக்கரைக்குப் போகும். அவர்கள் தகரம் தட்டினால் இக்கரைக்கு வரும். இரண்டு ஊரும் யானையைத் திட்டியதைவிட ஒன்றையொன்று திட்டியதுதான் அதிகம்.

ஒரு நாள் காலையில் அக்கரைத் தோட்டத்து அக்கா பள்ளத்தைத் தாண்டி வேகமாக வந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். பருத்தி எடுக்கிற காலத்தில் பழக்கம். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எங்கள் சோளம் மிதிபட்டுக் கிடந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கும் போயிருச்சா? உங்காளுங்க வெடி போட்டு எங்க வாழைக்குள்ள தள்ளிப்போட்டாங்கன்னு கேக்க வந்தேன்."

"அதுக்கு முன்னால உங்காளுங்க தகரம் தட்டி இங்க முடுக்கிப்போட்டாங்கக்கா" என்றேன்.

அழ வேண்டிய இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று இதை வீட்டில் சொன்னேன். சீமையில் சண்டை வரும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தனியா நின்னா தாங்காதுன்னு நாடு நாடாக் கூடிக்கிட்டு ஆயுதம் செய்யறாங்களாம். நாம ஒரு பள்ளத்தத் தாண்டிப் போய்ப் பேசக்கூடாதாக்கும்?"

"போய்ப் பேசுங்க. அக்கா சொல்லி வெச்சிருப்பாங்க."

பேசினார்கள். என் கொழுந்தனார் மில் பட்டறையில் பிட்டர். மில்லில் ஊதும் சங்கு போலவே சத்தம் போடும், கையால் சுற்றும் சங்கு ஒன்றை முன்பு பழுது பார்த்திருந்தார். துளை போட்ட உருளைக்குள் விசிறி வேகமாகச் சுழன்றால் சத்தம் ஊரைத் தாண்டும். அந்த வேகம் வரப் பல்சக்கரம் வேண்டும். அது அவருக்குப் பிடிபடாத வேலை. அக்காவின் கணவரோ ஆயில் இஞ்சினும் கடலை உடைக்கும் மிஷினும் பழுது பார்ப்பவர். பல்சக்கரம் அவருக்குக் கைவந்தது. உருளையும் விசிறியும்தான் வராது. யானை வந்தால் ஊத அப்படி ஒரு சங்கை ஆளுக்குப் பாதியாகச் செய்வது என்று முடிவாயிற்று.

முதல் தடவை சுற்றியபோது ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்து நின்றுபோயிற்று. சக்கரத்தின் அச்சு பொருந்தாமல் விசிறி உருளையில் உரசியது. கொழுந்தனார் அங்குலக் கணக்கில் செய்திருந்தார். அக்காவின் கணவர் தன் குச்சியில் கீறிவைத்த அளவில் செய்திருந்தார். குற்றம் யாருடையது என்று இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காதான் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒரே அளவுகோல வெச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சுங்களே. இதுக்கொரு சண்டையா?"

பிறகு கரைக்கு ஒன்றாக இரண்டு சங்கு செய்தார்கள். இரண்டிலும் எல்லாச் சாமானும் ஒரே அளவு. நீட்டி ஊதினால் யானை மேட்டில். விட்டு விட்டு ஊதினால் பள்ளத்துக்குள். எந்தக் கரையில் ஊதினாலும் இரண்டு ஊரும் தீப்பந்தத்தோடு வரவேண்டும். மலைக்குப் போகும் வழியை மட்டும் திறந்து விடவேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் பொழுது சாயும்போது யானைகள் வந்தன. என் கணவர் சங்கைச் சுற்றினார். ஆரம்பித்ததுமே 'டக்' என்று பல் உடைந்து சத்தம் அறுந்துபோயிற்று. பாதியில் நின்ற சத்தத்தைக் கேட்டே அக்காவின் கணவர் புரிந்துகொண்டார். தங்கள் சங்குக்கு வைத்திருந்த மாற்றுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஓடிவந்தார். அரம் போட்டுத் தேய்க்காமலே சக்கரம் உட்கார்ந்தது.

"சேர்ந்துருச்சுங்க! சுத்துங்க!"

இரண்டு கரையிலும் சங்கு ஊதியது. பந்தங்கள் வரிசையாக வந்தன. குட்டிகளை நடுவில் விட்டு நின்ற பெரிய பெண்யானை கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்று, பிறகு மலைப்பக்கம் திரும்பியது. மற்றவை பின்னால் போயின. பள்ளத்தோரம் எங்கள் வாழையில் ஒரு வரிசை போயிற்று. அதற்காக யாரும் யாரையும் திட்டவில்லை.

அடுத்த வருஷம் மலையை ஒட்டிய மூன்றாவது ஊர்க்காரர்கள், "எங்களையும் சேர்த்துக்கோங்க" என்று வந்தார்கள். அவர்கள் பாறைமேல் நின்றால் யானை காட்டைவிட்டு வெளியே வருவதே தெரியும். அவர்களுக்கும் ஒரு சங்கு செய்து கொடுத்தோம். அந்தத் தையில் சோளத்தை முழுசாக அறுத்து வண்டியில் ஏற்றினோம்.