தனி டிஜேயா, மூவர் கூட்டணியா?

கல்யாண மண்டபத்தில் ஊரே சாப்பிடும்போது சாப்பிடாமல் நிற்கிறவன் ஒருத்தன் இருந்தால், சந்தேகமே வேண்டாம், அவன்தான் டிஜே. சமையல்காரர்கூட உப்பு பார்க்கிற சாக்கில் இரண்டு வாய் போட்டுக்கொள்வார். எனக்கு எங்கே முடிகிறது? கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும், பாட்டு நின்றால் மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள். அடுத்தவர் நல்ல நாளில் வேலை பார்த்தே சனிக்கிழமைகளைத் தொலைத்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

எங்கள் ஊர் மாசாய். இங்கே எங்கள் குழு என்றால் மூன்று பேர். பாட்டு என் பொறுப்பு. உருமி மேளம் கருணா. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் மேளம். மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்துவது லீனா. பகலில் அவள் பாலர் பள்ளி டீச்சர் என்பதால், எவ்வளவு பெரிய கூட்டத்தையும் வாயில் விரல் வைத்து உட்கார வைத்துவிடுவாள். எங்களையும் சேர்த்துத்தான்.

இப்படி இருக்கும்போது, பெர்மாஸ் ஜெயாவில் புதிதாகத் திறந்த மண்டபத்தின் மேனேஜர் ஜெயந்தி மேடம் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் நிரந்தர வேலை. ஆனால் ஒரே ஒரு ஆள்தான் வேண்டும், மேளமும் வேண்டாம், மைக் பிடிப்பவரும் வேண்டாம் என்றார். போனால் எங்கள் குழு அதோடு சரி. போகாவிட்டால் அடுத்த வாரம் வேலை உண்டா இல்லையா என்று திங்கட்கிழமைதோறும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கருணாவிடமும் லீனாவிடமும் மூச்சு விடவில்லை. மனசு அங்கேயும் இங்கேயுமாக நான் திரிந்த நாட்களில் நடந்தவை இவை.

பல்

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விருந்து. கருணாவுக்கு ஷிப்ட், லீனாவுக்குப் பள்ளியில் ஏதோ விழா. நான் மட்டும் போனேன். உள்ளே பார்த்தால், தமிழர் ஒரு மேசை, மலாய்க்காரர் ஒரு மேசை, சீனர் ஒரு மேசை, நேப்பாளத் தம்பிகள் கடைசி மேசை. எல்லாரும் நேராக வேலையிலிருந்து வந்த களைப்பில் கோழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒருத்தரும் நிமிரவில்லை. செத்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கடைசி மேசைக்கு அடியில் ஒரு கால் கண்ணில் பட்டது. ஒரு நேப்பாளத் தம்பியின் கால், தன்னை அறியாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சரி, இன்றைக்கு எனக்கு முதலாளி அந்தக் கால்தான் என்று முடிவு செய்தேன். கால் வேகம் பிடித்தால் நானும் வேகம் பிடித்தேன், சோர்ந்தால் பாட்டை மாற்றினேன். பக்கத்துக் கால் சேர்ந்தது. அப்புறம் அந்த மேசை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்குப் பிரிவு மலாய் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் எந்த மேசையில் யார் இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? யாரோடும் கலந்து பேசாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், என் ஒரு விரல் இத்தனை பேரையும் ஆட்டிவைக்கிறதே என்று எனக்கே பயமாக இருந்தது.  சாமான்களை வண்டியில் ஏற்றும்போது வாசல் காவலாளி வந்து நின்றார். நம்மாள்தான், யாரைப் பார்த்தாலும் போஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"போஸ், இவங்கள நான் தினமும் கேட்டுல பாக்குறேன். இவங்களுக்குப் பல்லு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியும்."

இரண்டாவது வரவு

மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற சீன நண்பர்கள் வந்துவிட்டால், நம் கல்யாண விருந்திலும் யாம் செங் கட்டாயம் உண்டு. எல்லாரும் கோப்பையைத் தூக்கி, மூச்சு உள்ளவரை "யாம்" என்று இழுத்து, "செங்" என்று போட்டு முடிக்க வேண்டும். எங்கள் குழுவில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. லீனா கையைத் தூக்கியதும் நான் பாட்டை நிறுத்துவேன். அவள் கையை இறக்கியதும் கருணா உருமியில் அடிப்பான். அந்த அடியைக் கேட்டதும் நான் அடுத்த பாட்டை விடுவேன். மூன்று பேர் வேலை செய்வது வெளியே தெரியவே கூடாது.

அன்றைக்கு "யாம்" பாதியில் இருக்கும்போது லீனாவின் புடவை மடிப்பு அவிழப் பார்த்தது. சட்டென்று கையை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். கருணா அதைப் பார்த்து அடித்தான். அடியைக் கேட்டதும் நான் பட்டனை அழுத்தினேன். என் பாட்டுப் பெட்டியில் காத்திருந்ததோ, நான் மாற்ற மறந்த பொண்ணு மாப்பிள்ளை வரவுப் பாட்டு. அந்தப் பாட்டு கேட்டால் வாசலிலிருந்து மெதுவாக நடந்து வர வேண்டும் என்று ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பூத்தட்டுப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். திரும்பவும் கையைக் கோத்துக்கொண்டு, முதல் தடவை வந்ததைவிட அழகாக நடந்து வந்தார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சீன நண்பர்கள் பாதியில் விட்ட "யாம்" வேறு அந்தரத்தில் நின்றது.

அலமாக், மானம் போச்சு. மேடைக்குப் பின்னால் எங்களுக்குள் ஒரே சண்டை. நீ ஏன் கையை இறக்கினாய் என்றான் கருணா. மடிப்பு அவிழ்ந்தால் நீயா வந்து பிடிப்பாய் என்றாள் லீனா. அப்புறம் பாட்டை மாற்றாத மகராசன் யார் என்று இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். தனியாக இருந்தால் இந்தத் தொல்லை உண்டா, பேசாமல் பெர்மாஸ் ஜெயாவுக்கே போய்விடலாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பொண்ணின் அம்மா எங்களைத் தேடி வந்தார். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்கப்பா. மொத தடவ வந்தப்ப நான் பின்னாடி சாப்பாட்டுக்காரங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், பாக்கவே முடியல."

நீளமான பாட்டு

ஜெயந்தி மேடம் வெள்ளோட்டமாக ஒரு நிகழ்ச்சி கொடுத்தார். பெர்மாஸ் ஜெயா மண்டபத்திலேயே ஓர் அறுபதாம் கல்யாண விருந்து. ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, சிலோன் தமிழர், நல்ல மனுஷர். நான் வந்ததிலிருந்து "குடியும் தம்பி, குடியும்" என்று சிராப் தண்ணீரை, அந்தச் சிவப்புச் சர்பத்தை, அனுப்பிக்கொண்டே இருந்தார். தனியாக நிற்கிற டிஜே எதைக் குடித்தாலும் சிராப் மட்டும் குடிக்கக் கூடாது. குழுவாக இருந்தால் கருணா கொஞ்ச நேரம் உருமியை உறும விடுவான், நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன். தனி ஆளுக்கு ஏது அந்தச் சலுகை?

என்னிடம் இருப்பதிலேயே நீளமான பழைய பாட்டைப் போட்டுவிட்டு எடுத்தேன் ஓட்டம். வழியில் ஒரு மாமா பிடித்துக்கொண்டார். அவர் கல்யாணத்தில் போட்ட பாட்டு வேண்டுமாம், பாட்டின் பெயர் தெரியாதாம், ஆனால் பாடிக் காட்டுவாராம். அவரிடமிருந்து தப்பித்து உள்ளே போய் நின்றால், சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு முடிகிறது. ஒரு நொடி ஒரு சத்தமும் இல்லை. பெர்மாஸ் ஜெயா கைநழுவிப் போச்சு என்று கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தேன்.

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மண்டபம் பாடிக்கொண்டிருந்தது. முடிந்த பாட்டை முதல் வரியிலிருந்து அவர்களே எடுத்திருக்கிறார்கள். கரண்டியால் கோப்பையில் தாளம், ஒரு மேசை விட்ட வரியை அடுத்த மேசை பிடிக்கிறது. பெரியவரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். பெட்டிக்குப் பக்கத்தில் போகவே எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் போட்ட எந்தப் பாட்டும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. ஜெயந்தி மேடம் நான் வேண்டுமென்றே இடைவெளி விட்டதாக நினைத்து, அருமையான யோசனை என்று தோளில் தட்டினார். வேலை உங்களுக்குத்தான், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். விருந்து முடிந்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் வெளியில போனாப் பிறகுதான் தம்பி எல்லாரும் பாடினவை. ஏலுமெண்டால் இன்னொருக்கா போயிட்டு வாரும்."

ஆயர் ஈத்தாம்

பத்து பகாட்டில் ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று பேரும் வேனில் போனோம். ஆயர் ஈத்தாமில் தேநீருக்கு நிறுத்தும்போது விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை. "கருணா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "அப்புறம் பேசலாம் லா" என்று தன் தேநீரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துப் பானைக்கடைக்குள் நுழைந்தான். மண்தொட்டிகளை ஒவ்வொன்றாக முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டான். நான்கைந்தை இழுத்து வரிசையாக வைத்தான். சின்னது கிண்ணென்றது, பெரியது வயிற்றுக்குள் கேட்டது. இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எல்லாம் கழிவறையை மறந்து அங்கே கூடிவிட்டார்கள். லீனாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? மைக் இல்லாமலே மலாயில் நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்துவிட்டாள். நான் இரண்டு கையிலும் தேநீரோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவர்களுக்குக் கரண்ட்கூட வேண்டாம்! இதையா விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கடைக்காரச் சீன அம்மா கணக்கை நிறுத்திவிட்டுக் கடைசிவரை நின்று கேட்டார். முடிந்ததும் மலாயில் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு. இப்ப இதுல எதை வாங்குறீங்க?"

இரண்டு உள்ளங்கை

மாதக் கடைசி சனிக்கிழமை. மறுநாள் ஜெயந்தி மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாசாயில் ஒரு கல்யாண விருந்து. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான். எங்களை ஏற்பாடு செய்த பொண்ணின் தங்கை கவிதா முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: பாவம் பார்த்து மெல்லிசை போடக் கூடாது, அக்காவுக்கு நன்றாக ஆட வேண்டும். நானும் பெரிய ஸ்பீக்கர்களைப் பலகைத் தளத்தின் மேலேயே வைத்து, அதிர்வு காலில் ஏறுகிற மாதிரி செய்து வைத்தேன்.

பாட்டை விட்டேன். ஆடினார்கள். ஆனால் கண் முழுக்கக் காது கேட்கிற சொந்தக்காரர்கள் மேல்தான். அவர்கள் ஆரம்பித்தால் ஆரம்பிப்பது, அவர்கள் நிறுத்தினால் நிறுத்துவது. ஏதோ அதிர்கிறது என்று தெரிகிறது, அடுத்த அடி எப்போது வரும் என்று தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்து நிற்கிற என்னைப் பார்த்தால் என்ன தெரியும்? என் விரல் அன்றைக்கு உதவவில்லை.

கருணா அதைப் பார்த்தான். உருமியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, அவர்கள் நடுவில் போய் நின்றான். குச்சியை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கி, எல்லாரும் பார்த்த பிறகு இறக்கினான். குச்சி இறங்கும்போதே என் ஸ்பீக்கரின் அதிர்வும் அவர்கள் காலில் ஏற வேண்டும். அதனால் நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அவன் தோளையே பார்த்தேன். அவன் என் கையைப் பார்த்தான். லீனா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கவிதாவிடம் அவசரமாகக் கற்ற சைகையில் அறிவித்தாள். ஏதோ தப்பாகக் காட்டியிருப்பாள் போல, நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், திருத்தியும் கொடுத்தார்கள். இப்போது யாரும் சொந்தக்காரர்களைப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள்தான் இவர்களைப் பார்த்து ஆடினார்கள். கடைசியில் லீனா கையைத் தூக்கினாள். நான் நிறுத்தினேன், கருணா நிறுத்தினான், அத்தனை காலும் ஒரே நேரத்தில் நின்றது. ஒரு கால்கூடத் தப்பவில்லை. அப்புறம் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரித்து ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டல் அதுதான் என்றாள் கவிதா. மண்டபம் முழுக்கக் கைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் பொண்ணு மட்டும் போகவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, ஒரு உள்ளங்கையை உருமியின் உடம்பிலும், இன்னொன்றை என் ஸ்பீக்கரிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.  கையை எடுத்ததும் என்னையும் கருணாவையும் மாறி மாறிப் பார்த்து வேகமாக ஏதோ கேட்டாள். கவிதா சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள்.

"ரெண்டு கையிலயும் ஒன்னாத்தான் வருது, இதுல எப்படி ரெண்டு ஆளுன்னு அக்கா கேக்குறாங்க."

மறுநாள் காலையில் ஜெயந்தி மேடம் போன் போட்டு, ஒரே ஒரு ஆள்தானே வருவீர்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டபோது, ஆமாம் மேடம், ஒரே ஆள்தான், ஆனால் மூன்று நாற்காலி போட்டு வையுங்கள், கொஞ்சம் அகலமான ஆள் என்றேன்.