சித்தி எழுதிய t

அம்மாவை அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்த வாரம், என்னைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை எங்கள் கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்திருந்தார். சித்தி இயற்பியல் ஆராய்ச்சி செய்பவர். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்துவைத்து, எனக்குத் தோசை வார்க்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை, கூட வேலை செய்யும் யாரிடமோ போனில் சத்தமாகப் பேசினார். "ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேத்து மொத்தப் பிரபஞ்சத்துக்கும் எழுதினா காலமே காணாமப் போயிடுது. காலத்தைக் குறிக்கற t சமன்பாட்டுல எங்கயுமே இல்ல."

எங்கள் வீட்டில் சாவி தொலைந்தால்கூட முதல் விசாரணை என்னிடம்தான் நடக்கும். காலம் தொலைந்ததைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிற்பகலில் அப்பா போன் செய்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சித்தி ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டார். அப்பாவின் குரல் யாருடையதோ போல இருந்தது.

"இன்னிக்கே ஆபரேஷனாம். இனிமே டைம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஆக, விஷயம் டாக்டர்வரை போய்விட்டது. காலம் இல்லாவிட்டால் நாளை வராது. நாளை வராவிட்டால் அம்மா எப்படி வருவார்? ஓடிப்போய் மார்க்கரை எடுத்துவந்து சித்தியின் கையில் திணித்தேன்.

"சித்தி, அந்த t-ஐ எழுதிடு. சீக்கிரம்!"

"அது அங்க வராதுடா கண்ணா. எழுதினா தப்பு."

"தப்பா இருந்தாப் பரவால்ல. அம்மா வரணும்."

ஒரு குறி மாறிப்போனால்கூட சித்திக்குச் சோறு இறங்காது. அவர் பலகை முன் போய் நின்றார். மார்க்கர் முனை பலகையைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது. கடைசியில் இடுக்கில் ஒரு t போட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது ஓட்டுநர் கண்ணாடியில் சித்தியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவாது மேடம், பயப்படாதீங்க" என்றார். பயந்துகொண்டிருப்பது நான், சித்தியிடம் ஏன் சொல்கிறார் என்று விளங்கவில்லை.

இருட்டுவதற்குள் அம்மா பிழைத்துவிட்டார் என்றார்கள். அப்பா டாக்டரைக் கும்பிட்டார். நான் சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

பலகை முன் அத்தனை நேரம் அவர் நின்றது, t-ஐ எங்கே எழுதுவது என்று தெரியாமல்தான் என வெகுநாள் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது அவருடைய அக்கா என்பது அன்று என் புத்திக்கு எட்டவேயில்லை.