பதினொரு பேரையும் கூப்பிட வேண்டும்

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. மன்னாரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூசுவேன். அதிலும் இது என் சனத்தின் கதை இல்லை. யூத மக்களுக்கு நடந்ததை அவர்களே நிறைய எழுதியிருக்கிறார்கள். பிழை இருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கண்முன் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மெல்பேணில் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது என் வேலை. டண்டினொங்கில் ரயில் ஏறி கோல்ஃபீல்டில் இறங்கினால் அன்ரியின் வீடு. அன்ரி என்பது நான் கூப்பிடுவது. அவர் போலந்தில் பிறந்த யூதப் பெண். சிறுமியாக இருந்தபோது பயிர் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பம் மாட்டுக் கொட்டிலில் ஒளித்து வைத்ததால் தப்பியவர். வீட்டில் மற்ற எல்லோரையும், யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, ஹிட்லரின் நாசிகள் கொண்டுபோய்க் கொன்றார்கள். அன்ரி பேசுவது ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் பேச்சாகவே கேட்கும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் இங்குள்ள யூத மக்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேருக்காக ஆறு மெழுகுதிரிகள் ஏற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக முன்னே போய்த் தங்கள் ஆட்களின் பெயர்களைச் சொல்லும். யாரும் கைதட்டுவதில்லை. அன்ரி கடதாசி ஏதும் இல்லாமல் தன் பதினொரு பேரையும் சொல்லிவந்தவர். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போனது. இப்போது குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவர் குரல் கேட்கும். இரண்டு பெயருக்கு மேல் மூச்சு நிற்காது.

சிட்னியில் இருக்கும் மகள் வந்து சொல்வதாக ஏற்பாடு. அன்ரிக்கு அது பிடிக்கவில்லை.

"முந்தி ஒருக்கா அவள் சொன்னவள். மூண்டாவது பேரோட அழத் தொடங்கிட்டாள். மிச்ச எட்டுப் பேரும் அந்த வருசம் முழுக்க வெளியில நிண்டவை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

"நானோ? அன்ரி, நான் உங்கட ஆள் இல்லையே."

"அதுதான் நல்லது. உனக்கு அவையைத் தெரியாது. நீ அழமாட்டாய்."

அன்று மகள் தொலைபேசியில் எடுத்தபோது, "இவள் ஓமெண்டு சொல்லிட்டாள்" என்று என் முன்னாலேயே பொய் சொன்னார். இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. குடும்பம் விரும்பினால் யார் சொன்னாலும் சரி என்றார்கள் மண்டபத்துக்காரர்கள்.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மே மாதம் ஊர்ச் சண்டையில செத்த எங்கட ஆக்களுக்கு விளக்குக் கொளுத்தக் கூப்பிட்டாலே கடைசிக் கதிரையில ஒளிக்கிற ஆள். நீர் மைக்கில கதைக்கப் போறீரோ?"

"ஓம், கதைக்கத்தான் போறன்."

"அப்ப நானும் வந்து பார்க்கவேணும்."

"நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் தெரியும்!"

அன்ரியின் தலையைச் சீவிவிடும்போதுதான் பாடம். அவர் ஒரு பெயர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். எழுதிக்கொள்ள விடமாட்டார். திரும்பும் ரயிலில் கிளேட்டன் தாண்டும்வரை முணுமுணுப்பேன். பக்கத்தில் இருந்த பெண் ஒருநாள் எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள்.

பதினொன்றும் பாடமானதும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினேன். அன்ரி சீப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் பாடுறாய்?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் புனிதர்களின் மன்றாட்டுமாலை சொல்லும்போது ஒவ்வொரு பெயரையும் ஒரே இராகத்தில் இழுப்போம். சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிக்கும். பெயர்கள் வரிசையாக வந்தால் என் நாக்கு தானாக அந்த இராகத்தில் ஏறிவிடும். போலந்து யூதர்கள் பதினொரு பேரையும் அப்படியே ஏற்றிவிட்டிருந்தேன்.

விளக்கிச் சொன்னேன். அன்ரிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"புனிதர்களோ! சின்னண்ணன் பக்கத்து வளவில அப்பிள் களவெடுக்கிறவன். மாமி ஊரோட சண்டை பிடிக்கிற வாய்க்காரி. அவை எல்லாரும் சாதாரணச் சனம். சாதாரணச் சனத்தைத்தான் சாகடிச்சவங்கள். சாப்பிடக் கூப்பிடுற மாதிரிச் சொல்லு."

அதற்குப் பிறகு பாடம் மாறிவிட்டது. அப்பாவுக்குக் காது மந்தம், உரத்துக் கூப்பிட வேண்டும். அம்மா அடுப்படியில்தான் நிற்பார், சத்தம் தேவையில்லை. சின்னண்ணனை அதட்டினால்தான் வருவான். கடைசி ஆள் அக்காவின் குழந்தை. அன்ரி ஒளிந்திருந்த காலத்தில் பிறந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

"அக்காவின்ர பிள்ளை எண்டு சொல்லு. அதுவும் ஒரு ஆள்."

இப்படி எல்லோரையும் எனக்குத் தெரிந்துபோயிற்று. அழமாட்டேன் என்று அவர் என்னைப் பிடித்த காரணம் கையை விட்டுப் போனது. அழுகை வந்தாலும் பெயர் சொல்வதை நிறுத்துவதில்லை என்று தீர்மானித்தேன். குசினியில் கறி கிண்டும்போது, உடுப்புக் காயப்போடும்போது, வேண்டுமென்றே அவர்களை நினைத்து, அழுது அழுது சொல்லிப் பழகினேன்.

மண்டபத்தில் கூடும் நாளன்று மகள் அன்ரியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏலாமல் போனால் என்னைப் பாருங்கோ, நான் வாறன்" என்றார். மெழுகுதிரிகள் ஆறும் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் முறை வந்ததும் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். அன்ரியின் நாற்காலி என் பக்கத்தில். மண்டபத்தைப் பார்க்காமல் அவருடைய நல்ல கையை மட்டும் பார்த்தேன்.

அப்பாவைக் கூப்பிட்ட சத்தத்தில் மைக் கீச்சிட்டது. அம்மா. மூன்றாவது பெயரில் மகள் நிலத்தைப் பார்த்தார். நான் தாண்டினேன். சின்னண்ணன் முறை வந்தபோது, அன்ரி அதட்டும் அதே அதட்டல் என் வாயில் வந்துவிட்டது. அந்த அமைதியில் அன்ரி சத்தமாகச் சிரித்தார். பலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு வந்த பெயர்கள் எல்லாம் நடுங்கின, நடுங்கிக்கொண்டே வந்தன. ஒன்றையும் விடவில்லை. அன்ரி ஒவ்வொரு பெயருக்கும் விரல் மடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக, "அக்காவின் பிள்ளை" என்றேன்.

இடத்துக்குத் திரும்பியதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்ரி குனியச் சொன்னார்.

"எல்லாரும் உள்ளுக்க வந்திட்டினம். அப்பாவுக்குத்தான் கொஞ்சம் கூடக் கத்திப்போட்டாய்."

அடுத்த நாள் மழை. வழக்கமான ரயிலில் போய் அன்ரிக்குத் தலை கழுவிவிட்டேன். மகள் மத்தியானம் சிட்னிக்குத் திரும்பினார்.