செட்டிபாளையத்துக் கனடாக்காரன்

கழக மைதானத்து இசை நிகழ்ச்சியில், ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டபோது என் கையில் பாதி தின்ற சோளப்பொத்தி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியின் கையில் திணித்துவிட்டு எழுந்து நின்றேன். "இன்னும் சில தினங்களில் கனடா நாட்டுக்குப் பயணமாகவிருக்கும் நமது செட்டிபாளையத்து மருமகனுக்காக அடுத்த பாடல்" என்று அறிவிப்பாளர் குழைந்து குழைந்து சொன்னார். "இவங்களுக்கு ஆரு சொன்ன?" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் மேடையைப் பார்த்தோம். மேடையின் ஓரத்தில், விளையாட்டுக் கழகத்துச் சட்டையோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய என் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருப்பான். வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவில் பிறந்த நான் அப்படித்தான் செட்டிபாளையத்து மருமகன் ஆனேன். வயரிங் வேலை செய்தேன். நல்லது செய்தால் "எங்கட மருமகன்" என்பார்கள், பிழை செய்தால் "வவுணதீவான்" என்பார்கள். இன்னொரு வழக்கமும் இங்கே உண்டு. வெளிநாடு போகிறவன் ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகமாட்டான். போய் இறங்கி, பனிக்குள் நின்று படம் எடுத்துப் போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியவரும். கண்ணூறு, நாவூறு பட்டுப் பயணம் கெட்டுவிடும் என்று பயம். நாங்களும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். மச்சானுக்கு மட்டும் அதைத் தாங்க முடியவில்லை.

அன்று மேடையில் பாடிய இசைக்குழு என்றால் எனக்கு உயிர் என்பது அவனுக்குத் தெரியும். இளவட்டமாக இருந்தபோது அவர்கள் எங்கே மேடை போட்டாலும் சைக்கிளில் போய் முன்வரிசையில் குந்திக்கொள்வேன். அக்கா புருசன் போவதற்கு முதல் ஒரு பாட்டாவது அவனுக்கென்று பாடட்டுமே என்று அவன் நினைத்தான், அவ்வளவுதான். பாடகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்து உயர்த்தினார். கழக மைதானமே கைதட்டியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. மருமகனாக வந்த ஊரில் எனக்கென்று யாரும் கைதட்டியது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் விடியவே சனம் வரத் தொடங்கியது. கனடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடெல்லாம் பொதி கட்டிக்கொண்டு வந்தது. வறுத்த மிளகாய்த்தூள், முறுக்கு, காயவைத்த கூனி இறால், ஒரு தாய் மகனுக்கென்று தைத்த தலையணை உறை. சூட்கேஸ் மூட மறுத்தது. மச்சான் அதன்மேல் ஏறி இருந்து மூடினான்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்தவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. யாரிடம் போகிறாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்றுதான் கேட்டார். வீட்டில் பாடமாக்கிய பதிலெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. முன்னுக்குப் பின் முரணாக உளறினேன். ஓரமாக உட்காரச் சொன்னார்கள், பிறகு திரும்பிப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்தேன். நல்ல வெயிலில், சந்தியில், சூட்கேஸோடு இறங்கினேன். மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற கிழவி ஒருத்தி, "என்ன மனே, பிளேன் இல்லையா இண்டைக்கு?" என்றாள், வாழைச்சேனை பஸ் தவறிப்போனதைப் போல.

வந்ததைவிடக் கொடுமை பொதிகளைத் திருப்பிக் கொடுத்தது. மச்சான்தான் மோட்டார்சைக்கிள் ஓட்டினான். பின்னால் பொதிகளைக் கட்டிப்பிடித்தபடி நான். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் அவன்தான் முதலில் இறங்கி, "சரிவரல்ல மாமி" என்றான். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். சிலர் பிரித்துப் பார்த்து, எத்தனை முறுக்கு உடைந்திருக்கிறது என்று எண்ணினார்கள். தலையணை உறை தைத்த தாய் வாங்கவே இல்லை. "போன சாமான் திரும்பி வந்தா வீட்டுக்கு ஆகாது மனே, நீயே வெச்சிக்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நின்றிருப்பேன். உறையைச் சுருட்டிக்கொண்டு அவள் கதவை மூடுவதற்குள் நடந்துவிட்டேன்.

ஊர் முழுக்க மச்சானைத்தான் ஏசியது. "உன்ட வாய்தான் அவன்ட பயணத்தைக் கெடுத்த" என்று பெற்ற தாயே அவனைத் திட்டினாள். "இல்ல மாமி, பதில் சொல்லத் தெரியாம நான்தான் கெடுத்த" என்று எத்தனையோ தரம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நாவூறு என்றால் எல்லோருக்கும் விளங்கும். வாய் குழறித் திரும்பிய மருமகனை விளங்கிக்கொள்வது கஷ்டம். மச்சான் ஏச்சையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டான்.

ஊர் எனக்கு ஒரு பெயரும் வைத்தது. கனடா. "கனடா, எங்கட மோட்டர் ஓடுதில்ல, ஒருக்கா வந்து பாரு." தொடக்கத்தில் கேட்காதவன் மாதிரி நடப்பேன். பிறகு திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன், வேலை வேண்டுமே. இப்போது அந்தப் பெயருக்கு ஓம் என்கிறேன். பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போன கிழமை மதியம், வெயில் தாங்காமல் வெறும் மேலோடு முற்றத்து மர நிழலில் இருந்தேன். மச்சானும் இருந்தான். அவள் வந்து என் மடியில் கையூன்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, கனடா எப்பிடி இரிக்கும்? என்னைக் கனடாட மகள் எண்டு சொல்றாங்க."

நான் வாயைத் திறந்தேன். கவுண்டரில் உளறியதைப் போலவே "அது... அங்க..." என்று இழுத்தேன். மச்சான் முந்திக்கொண்டான்.

"சரியான குளிர் மருமகள். அப்பாக்கு ஒத்துவரல்ல, அதான் வந்திட்டார்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய், தான் மூடிப் படுக்கிற சின்னப் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டான்.

"இப்ப குளிருதா அப்பா?"

"இல்ல மகள்" என்றேன். அவள் கண்ணெதிரே நிற்கும்வரை போர்வையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.