கூரையேறிய பரங்கிக்கொடி

எழுபதுகளில் கல்யாணமாகி மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் குடிவந்தேன். வந்த வருஷமே, லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் சேர்ந்து, சமையல் கழிவைக் கொட்ட ஒரு பொதுக்குழி வெட்டினோம். மக்கி எருவானதும் எல்லாருடைய கீரைப் பாத்திக்கும் பங்கு என்று பேச்சு. ஈப்போவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்த என் கணவர், அங்கே மிஞ்சும் தேயிலைச் சக்கையையும் காய்கறித் தோலையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்.

கடைசி வீட்டு அக்காவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. குழி அவர் அடுப்படிக்குப் பின்னால் இருந்தது.

"நாத்தம் தாங்கலலா! சோறே எறங்க மாட்டேங்குது," என்று கத்துவார்.

மண்ணும் காய்ந்த ரப்பர் இலையும் போட்டு மூடினோம். நாற்றம் அடங்கியது, அவர் கோபம் அடங்கவில்லை.

மழைக்குப் பிறகு, யாரும் விதைக்காத பரங்கிக்கொடி ஒன்று குழியிலிருந்து கிளம்பி நேராக அவர் தகரக்கூரையில் ஏறிப் படர்ந்தது. காய்கள் முற்றியதும் ஏணியோடு போனோம். அக்கா கையை விரித்து மறித்தார்.

"யாரும் தொடக்கூடாது. என் கூரையில காய்ச்சது என்னோடதுலா!"

"வெதை எங்க வீட்டுக் குப்பையில வந்ததுக்கா," என்றேன்.

"இத்தன மாசமா நாத்தத்த மோந்தது யாரு? நான்தானே!"

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு போட்டுப் பரங்கிக்காய்க் குழம்பு வைத்து, லயம் முழுவதையும் அவரே சாப்பிடக் கூப்பிட்டார். காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. இருந்தாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.